பக்கத்து வீட்டார் வாசலும் நமது வாகனமும்



சில ஆண்டுகளுக்கு முன் முலுண்ட் மேற்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து நாங்கள் படியிறங்கியபோது, எதிர்க் கட்டடத்தின் வாசலில் ஓர் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதியவர் ஒருவர் அதற்குள் சாய்ந்து அமர்ந்திருந்தார். ஆட்டோ உள்ளே செல்ல முடியாதபடி வாசலை அடைத்து நின்ற கார் நமது சபைக் குடும்பம் ஒன்றினுடையது. அதன் உரிமையாளர் கைப்பேசியை அணைத்துவிட்டு மாடியில் ஜெபத்தில் இருந்தார். பெரியவர் காத்திருந்தது ஏறக்குறைய 40 நிமிடம்.

அவருடைய மகன் எங்களைத் திட்டவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: “பாஸ்டர், உங்களைக் கூப்பிட எங்களிடம் ஒரு போன் நம்பர்கூட இல்லையே?” வெட்கத்தால் தலைகுனிந்து நின்றேன். அதே சந்தில் இருபது அடி தள்ளி, ஞாயிறுதோறும் பூட்டிக்கிடக்கும் அலுவலகக் கட்டடத்தின் வளாகம் வெறுமையாய் இருந்தது. அதையும் அன்றுதான் கவனித்தேன்.

குறைவுபடுவது இடமா, தகவலா?

பட்டணத்தில் இடமில்லை என்கிறோம். அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாகன நிறுத்தத்தைப் பற்றி 2005-ல் ஒரு பெரும் நூலை வெளியிட்டார். ஒரு கார் தன் வாழ்நாளில் சுமார் 95 சதவீத நேரம் ஓடாமல் நின்றுகொண்டே இருக்கிறது என்பதை உலகம் உணரச் செய்தவர் அவர். நிற்கும் வண்டிக்கு வீட்டில் ஓர் இடம் வேண்டும்; வேலை செய்யும் இடத்தில் மற்றோர் இடம் வேண்டும். அது ஓரிடத்தில் இருக்கும்போது மற்ற இடம் காலியாகவே கிடக்கும்.

முலுண்டையே பாருங்கள். அலுவலகத்திற்குக் காரில் செல்பவர்களின் இடங்கள் பகல் முழுவதும் வெறுமையாயிருக்கின்றன. அதே வேளையில் கடைக்கும் வங்கிக்கும் வந்தவர்கள் சாலையோரம் இடந்தேடிச் சுற்றுகிறார்கள். காலியிடம் உண்டு, தேவையும் உண்டு. ஒன்றை மற்றொன்றுக்கு அறிவிக்கும் வழிதான் இல்லை. அந்த வழியைத்தான் இன்று டிஜிட்டல் தளம் என்கிறோம்.

இங்கிலாந்தில் ஆன்டனி எஸ்கினாசி என்பவர் 2006-ல் இப்படி ஒரு தளத்தைத் தொடங்கினார். இன்று அதன் பெயர் ஜஸ்ட்பார்க். வீட்டு முற்றத்தில் இடமுள்ளவர் அதைப் பதிவு செய்வார். தேவையுள்ளவர் மணிக்கணக்கில் கட்டணம் செலுத்தி வண்டியை நிறுத்துவார். வாரநாட்களில் வெறுமையாயிருந்த தங்கள் வளாகங்களைத் தேவாலயங்களும் அதில் பதிவு செய்தன.

நிறுத்துமிடம் யாருக்குச் சொந்தம்?

அங்கே வீட்டு முற்றம் அவரவருடையது. மும்பையின் ஹவுசிங் சொசைட்டியில் காரியம் வேறு. தகிசரிலுள்ள பாஞ்சாலி சொசைட்டிக்கும் கட்டட முதலாளிக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2010 ஆகஸ்ட் 31 அன்று நீதிபதிகள் லோதாவும் பட்நாயக்கும் தீர்ப்பளித்தார்கள். கட்டடத்தின் கீழே தூண்களுக்கிடையில் உள்ள இடத்தையும் திறந்தவெளி இடத்தையும் கட்டுநர் தனியே விற்க முடியாது. 1963-ம் ஆண்டின் மகாராஷ்டிரச் சட்டப்படி அவை பொதுப் பகுதி என்பதே தீர்ப்பு. 2016-ல் வந்த ரேரா சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியாகவே வைத்திருக்கிறது. தமக்கு ஒதுக்கப்பட்ட இடத்தை உறுப்பினர் பிறருக்கு விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ சொசைட்டிகளின் மாதிரி விதிகளும் இடங்கொடுப்பதில்லை.

ஆகவே, ஒரு செயலியைத் தரவிறக்கியவுடன் உங்கள் இடத்தை அந்நியருக்கு வாடகைக்கு விட்டுவிடலாம் என்று எண்ணாதிருங்கள். முதற்படி பொதுக்குழுவில் எடுக்கும் தீர்மானம். சங்கத்தின் சம்மதம் இல்லாத பகிர்வு சண்டையில்தான் முடியும்.

50,000 ரூபாயில் தொடங்கிய சேவை

“இதெல்லாம் படித்த என்ஜினியர்களின் காரியம்” என்று சொல்வீர்களோ? ஜம்ஷெட்பூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த வி.எஸ்.எஸ். மணி இதே மும்பையில் 1996-ல் ஜஸ்ட் டயலைத் தொடங்கினார். முதலீடு 50,000 ரூபாய். அலுவலகமோ வாடகைக்கு எடுத்த ஒரு கராஜ். அதற்குமுன் அவர் செய்த இதேபோன்ற முயற்சி, அக்காலத்தில் ஜனங்களிடம் போதிய தொலைபேசிகள் இல்லாததால் நிலைக்கவில்லை. இரண்டாம் முறையும் அவர் கையில் கொண்டது எளிய கருவிதான்: ஒரு தொலைபேசி எண், அழைத்தவருக்குப் பதில் சொல்ல ஆட்கள். பிளம்பர் எங்கே, டாக்டர் எங்கே என்று கேட்டவர்களுக்கு விடை கிடைத்தது. 2013-ல் அந்நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது. 2021-ல் ரிலையன்ஸ் ரீடெயில் அதன் பெரும்பங்கை வாங்கியது.

இதிலுள்ள பாடத்தைக் கவனியுங்கள். தளத்தின் உயிர் சரியான தகவலிலும், அழைத்தால் பதில் சொல்லும் மனிதரிலும் இருக்கிறது. கணினி அதற்கு உதவி செய்கிறது.

உங்கள் தெருவில் தொடங்க

1. முழு முலுண்டையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே சந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு தெருவில் தெருவுக்கு ஓர் இடம் இருந்தால் ஒருவருக்கும் பயனில்லை. ஒரே தெருவில் பத்து இடம் இருந்தால் தேடுபவருக்கு நிச்சயம் கிடைக்கும்.

2. எந்த இடம், எந்தக் கிழமை, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை காலி என்று எழுதுங்கள். ஒரு தாள் போதும். அது நிரம்பி வழியும்போது மென்பொருளைத் தேடலாம்.

3. நேரம் கடந்து நிற்கும் வண்டியே இத்தகைய ஏற்பாடுகளைக் குலைக்கும். மாலை வீடு திரும்பும் உரிமையாளர் ஒருமுறை தெருவில் நின்றால், மறுநாள் இடந்தர மாட்டார். ஆகவே தாமதத்திற்கு என்ன அபராதம், யாரை அழைப்பது என்று முன்னமே தீர்மானியுங்கள்.

4. பணத்தைக் கையில் வாங்காதீர்கள். 2016 முதல் நமக்கு யுபிஐ உண்டு. சொசைட்டியின் கணக்கிற்கே நேராய்ச் செல்லட்டும். கணக்கு அனைவருக்கும் தெரியட்டும்.

5. வண்டி எண்ணும் கைப்பேசி எண்ணும் பிறர் நம்மிடம் ஒப்புவித்த பொருள். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் பெறுவதை முக்கியமாக்கியிருக்கிறது. தேவைக்கு மிஞ்சி எதையும் கேளாதிருங்கள்.

பிளம்பர், எலக்ட்ரீஷியன், வீட்டு வேலை செய்யும் சகோதரிகள் ஆகியோரைச் சேர்க்கும்போது இன்னொரு எச்சரிப்பும் உண்டு. நம்மில் அநேகர் அந்த வேலைகளைச் செய்கிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். ஒருவர் கோபத்தில் கொடுத்த ஒற்றை நட்சத்திரம் ஒரு சகோதரனின் அப்பத்தைப் பறித்துவிடக் கூடாது. புகார் வந்தால் அவரையும் அழைத்து விசாரியுங்கள். தளங்களின் வழியே வேலை செய்வோரைக் காக்க ராஜஸ்தான் அரசு 2023-ல் தனிச்சட்டமே இயற்றியது. ஒரு தெருவின் சிறிய ஏற்பாட்டிலும் அந்த நியாயம் இருக்க வேண்டாமா?

ஸ்மார்ட்போன் இல்லாத பாட்டிகளையும் மறவாதிருங்கள். அவர்களுக்குத் தமிழிலும் மராத்தியிலும் பதில் சொல்லும் ஒரு குரல் வேண்டும்.

நடந்தது என்ன?

பிரியமானவர்களே, அந்த ஞாயிறுக்குப் பின் நாங்கள் அலுவலகக் கட்டடத்தாரிடம் எழுத்துமூலம் அனுமதி கேட்டோம். ஞாயிறு காலை மட்டும் இடந்தர இணங்கினார்கள். வாட்ச்மேனுக்கு உதவியாக நமது வாலிபர் இருவர் வாசலில் நிற்கிறார்கள். ஆராதனை வேளையிலும் எடுக்கப்படும் ஒரு கைப்பேசி எண்ணை எழுதி, எதிர்க் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் அவர்கள் அனுமதியோடு ஒட்டினோம்.

அந்த எண்ணுக்கு வந்த முதல் அழைப்பு வண்டியைப் பற்றியதல்ல. “எங்கள் வீட்டில் ஃபேன் ஓடவில்லை, உங்கள் ஆட்களில் யாராவது எலக்ட்ரீஷியன் உண்டா?” என்று ஒரு தாயார் மராத்தியில் கேட்டார்கள். நமது சகோதரர் ஒருவர் அன்று மாலையே சென்றார்.

நல்ல சமாரியன் உவமையை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். வழியில் கிடந்தவனுக்கு உதவியவனே அயலான் என்று போதிக்கிற நாம், வாசலில் காத்திருந்த ஒரு முதியவருக்கு வழி விடாதிருந்தோம். அந்தக் குறையை எங்களுக்கு உணர்த்தியவர் பக்கத்து வீட்டுக்காரரே. உங்கள் சபை கூடும் தெருவில் உள்ளவர்களிடம் உங்கள் எண் இருக்கிறதா? இல்லையானால், வருகிற ஞாயிறுக்கு முன் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.