உயர்தரக் கார் என்று மக்கள் எதனைக் கருதுகின்றனர்?

1989-ஆம் ஆண்டில் ஜப்பானின் டொயோட்டா நிறுவனம் பெரிய கார் ஒன்றை வெளியிட்டது. அமெரிக்காவில் அதற்கு ‘லெக்சஸ்’ எனப் புதுப்பெயரிட்டு, தனி விற்பனை நிலையங்களையும் அமைத்தது. ஜப்பானிலோ அதே கார் டொயோட்டா முத்திரையுடனேயே ‘செல்சியர்’ என விற்கப்பட்டது. அமெரிக்கருக்கு டொயோட்டா என்பது சிக்கனமான சிறு வண்டிகளின் பெயர். ஜப்பானியர் அப்பெயரில் உயர்ந்த வண்டிகளையும் கண்டு பழகியவர். லெக்சஸ் என்ற பெயர் ஜப்பானுக்குச் சென்றது 2005-இல்தான். எந்திரம் ஒன்றே, வாங்குவோர் மனம் வேறு.

நம் நாட்டிலும் சான்று உண்டு. உத்தரபாராவில் 2014 வரை செய்யப்பட்ட அம்பாசிடர், வெள்ளை வண்ணத்தில் அமைச்சரின் வண்டி. மஞ்சள் வண்ணத்தில் கல்கத்தாவின் வாடகை வண்டி! 2009-இல் விற்பனைக்கு வந்த நானோவுக்கோ, ‘மிக மலிவான கார்’ என்ற பெயரே தடையாயிற்று. ரத்தன் டாட்டாவே இதனைப் பின்னர்க் கூறினார். முதன்முதலாகக் கார் வாங்குபவர் தம் உயர்வை ஊரார் காண விரும்புகிறார். ஏற்கெனவே கார் வைத்திருப்பவர் அமைதியையும் சொகுசையும் நாடுகிறார்.

பலர் கதவை மூடிப் பார்த்து, அதன் ஓசையைக் கொண்டே தரத்தை மதிப்பிடுவர். மெல்லிய தகடு அதிர்ந்தால் உயர்ந்த சுருதியில் நெடுநேரம் ஒலிக்கும். கதவின் உட்புறம் தார் கலந்த பட்டைகளை ஒட்டினால் அதிர்வாற்றல் வெப்பமாக மாறி விரைவில் அடங்கும். ஓசை ‘தொப்’பென்று கனத்துக் கேட்கும். ஆசிரியர்கள் ஒரு தகரத் தட்டைத் தட்டியும், அதன் அடியில் களிமண்ணை அப்பித் தட்டியும் மாணவர்க்கு இதனை எளிதிற் காட்டலாம்.

ஆயினும், இவ்வோசைக்கும் மோதலில் உயிர் காக்கும் வலிமைக்கும் தொடர்பில்லை. 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியச் சந்தையின் ஐந்து சிறு கார்களை, காற்றுப்பையற்ற நிலையில், மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்துமே ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. அவற்றுள் புகழ்மிக்க அயல்நாட்டு முத்திரை தாங்கியவையும் இருந்தன. 2018-இல் டாட்டா நெக்சான் ஐந்து நட்சத்திரம் பெற்றபின் இம்மதிப்பீடும் உயர்தரத்தின் அடையாளமாயிற்று. 2023-இல் பாரத் என்கேப் தொடங்கியது. அதில் பெரியவருக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியே நட்சத்திரங்கள் தரப்படுகின்றன. குழந்தையுள்ள வீட்டார் இரண்டையும் கேட்டறிய வேண்டும்.