அருகமரும் துணைவர்

வழக்கறிஞரின்றித் தம் வழக்கைத் தாமே நடத்துவோரின் அருகமர்ந்து உதவுபவரை ஆங்கிலச் சட்ட மரபு ‘மெக்கன்சி நண்பர்’ என்று வழங்குகிறது. இப்பெயரில் ஒரு விந்தை உண்டு. மெக்கன்சி உதவியவர் அல்லர், உதவி மறுக்கப்பட்டவர். அவரது மணவிலக்கு வழக்கில் துணைக்கு வந்தவர் இயன் ஹேங்கர் என்னும் ஆஸ்திரேலிய இளைஞர். நீதிபதி அவரைத் தடுத்தார். அத்தடை தவறெனக் கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1970இல் மறுவிசாரணைக்கு ஆணையிட்டது.

இத்துணைவரின் எல்லையைச் சில வினைச்சொற்களே வகுக்கின்றன. குறிப்பெடுக்கலாம், தாள்களை எடுத்துக் கொடுக்கலாம், காதோடு அறிவுரை கூறலாம். நீதிபதியின் தனி இசைவின்றி மன்றத்தை நோக்கிப் பேசலாகாது; சாட்சியை வினவலாகாது. இங்கிலாந்தின் 2010ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இதனையே விளக்குகிறது.

மலேசியாவில் வழக்கறிஞர் அல்லாதவர் அத்தொழிலை நடத்துவது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். சட்டம் அறிந்தவர்போல் வாதிடுபவரை மலாய்ப் பேச்சுவழக்கு ‘லோயார் பூரோக்’ என்று எள்ளும். எள்ளல் இருக்கட்டும், தேவை மெய்யானது. 5,000 ரிங்கிட்டுக்கு உட்பட்ட சிறு வழக்குகளில் வழக்கறிஞர் முன்னிற்க இடமில்லை. கெலுகோரிலிருந்து அத்தகைய வழக்குக்காக ஜார்ஜ் டவுன் செல்லும் தமிழ் மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். மன்றத்தின் மொழி மலாய். மொழிபெயர்ப்பாளர் அவர் சொன்னதைப் பெயர்த்துரைப்பார். சொல்ல மறந்ததை நினைவூட்டமாட்டார், நினைவூட்டவும் கூடாது. எந்த இரசீதை எப்போது நீட்டுவது என்று யார் சொல்வார்? மொழிபெயர்ப்பையே சட்டத்துணை என மயங்குவோர் இவ்விடைவெளியைக் காண்பதில்லை.

ஆயினும் எவரையும் அமரவிடுவது தகாது. கட்டணம் பெற்று வழக்கையே கெடுத்துவிடும் துணைவருக்கு, வழக்கறிஞரைப்போல், ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் மன்றம் இல்லை. கட்டணத்தையே தடைசெய்யும் முன்மொழிவு இங்கிலாந்தில் 2016இல் எழுந்தது; நடைமுறைக்கு வரவில்லை. இந்தியா வேறு வழி கண்டது. அங்கு 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 32ஆம் பிரிவு, குறிப்பிட்ட ஒரு வழக்கில் வழக்கறிஞர் அல்லாதவரும் முன்னிற்க இசைவளிக்க நீதிமன்றத்துக்கு இடந்தருகிறது. அது உரிமையன்று, நீதிமன்றத்தின் இசைவே என்று 1978இல் உச்ச நீதிமன்றம் தெளிவுறுத்தியது. வருபவரின் முன்னடத்தையை எடைபோடுவதும் நீதிமன்றத்தின் பொறுப்பாயிற்று.

கட்டணத் தடையை நாம் ஏற்கவில்லை. பேருந்துச் செலவுக்கும் ஒரு நாட்கூலி இழப்புக்கும் ஈடுதராமல் துணைவர் கிடைப்பது அரிது. தாம் யார், வழக்கில் தமக்கு நலன் உண்டா, பெறும் தொகை யாது, மறைவாகக் கேட்டதை வெளியிடாமை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே துணைவர் அமர வேண்டும் என்பதே எம் கருத்து. அத்தாள் மலாயில் மட்டுமன்றித் தமிழிலும் அமைதல் வேண்டும். யாரை நம்பி அருகமர்த்துகிறோம் என்பதை அம்மூதாட்டி தாமே படித்தறிய வேண்டுமன்றோ?