அப்பாவோட 21 நாள் கணக்கு

ரெண்டு மாசமா ஏன் எபிசோட் எதுவும் வரலைன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. எங்க அப்பாவுக்கு லிம்போமா, அதாவது நிணநீர் மண்டலத்துல வர்ற புற்றுநோய். கீமோ ஆரம்பிச்சு இது ரெண்டாவது சுற்று. இதைப் பத்திப் பேசலாமான்னு அவர்கிட்ட கேட்டேன். "என் பேரைச் சொல்லாத பாப்பா. மத்தபடி எல்லாம் சொல்லு. அந்தக் காய்ச்சல் விஷயத்தைக் கண்டிப்பா சொல்லு"ன்னார். அதுக்கு வர்றேன்.

ஷேவ் பண்ணும்போது காதுக்குக் கீழே கையில தட்டுப்பட்ட ஒரு கட்டியில தொடங்கினது. வலி இல்லாததால மூணு வாரம் யாருக்கும் சொல்லாம வச்சிருந்திருக்கார். பயாப்சி ரிசல்ட்ல இருந்த பெயர் 'டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா'. வேகமா வளர்ற வகை. ஆனா மருந்துக்கு நல்லா கட்டுப்படக்கூடியது, நிறைய பேருக்கு முழுசாவே குணமாகுதுன்னு டாக்டர் சொன்னார். எங்க அம்மா இன்னிக்கு வரைக்கும் 'கேன்சர்'ங்கிற வார்த்தையை வீட்டுக்குள்ள சொன்னதில்ல. 'அந்தக் கட்டி'தான். நாங்களும் திருத்துறதில்ல.

சிகிச்சைக்குப் பெயர் ஆர்-சாப். அஞ்சு மருந்தோட முதலெழுத்துகளைச் சேர்த்து வச்ச பெயர். 21 நாளைக்கு ஒரு தடவை, மொத்தம் ஆறு சுற்று. முதல் நாள் ஆஸ்பத்திரியில டிரிப்ஸ், மீதி 20 நாள் வீட்டுல. கீமோன்னா ஆஸ்பத்திரி சமாச்சாரம்னு நான் நினைச்சிருந்தேன். அது பெரும்பாலும் சமையலறை சமாச்சாரம்.

எங்க வீட்டுல மாச காலண்டர் ஒண்ணு ஃபிரிட்ஜ் பக்கத்துல தொங்கும். பால் கணக்கு, கேஸ் வந்த தேதி, அமாவாசை எல்லாம் அம்மா அதுலதான் குறிப்பாங்க. இப்போ அதே கட்டங்கள்ல சிவப்பு பேனாவுல 1, 2, 3ன்னு 21 வரைக்கும் எழுதியிருக்காங்க. வீட்டுல யாரும் இப்போ கிழமை கேக்குறதில்ல. "இன்னிக்கு எத்தனாவது நாள்?"

முதல் நாள் வியாழக்கிழமை. முதல்ல ஏத்தினது ரிடுக்ஸிமாப். இது பழைய அர்த்தத்துல கீமோ மருந்து இல்ல, ஒரு ஆன்டிபாடி. பி செல்களோட மேற்பரப்புல இருக்கிற சிடி20ங்கிற புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கும், அப்புறம் உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த செல்லை அழிக்கும். அமெரிக்காவுல 1997-ல அனுமதி கிடைச்ச மருந்து. இந்தியாவுல டாக்டர் ரெட்டீஸ் 2007-ல இதோட மாற்று வடிவத்தைக் கொண்டுவந்தாங்க, விலையும் குறைஞ்சது. முதல் தடவை ஏத்தும்போது குளிர், நடுக்கம் வரலாம்கிறதால மெதுவாத்தான் விடுவாங்க. அப்பாவுக்கும் வந்தது. கட்டிலே ஆடுற அளவுக்கு நடுக்கம். நர்ஸ் டிரிப்ஸை நிறுத்தி, ஊசி போட்டு, போர்வை போர்த்தி, அரை மணி நேரம் கழிச்சு வேகத்தைக் குறைச்சு மறுபடி ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கு இது அன்றாடம். எனக்குத்தான் கை கால் ஓடல.

அடுத்தது டாக்ஸோரூபிசின். சிரிஞ்சுல அசல் ரோஸ்மில்க் எசென்ஸ் கலர். இத்தாலியில காஸ்டெல் டெல் மான்டேங்கிற கோட்டைப் பக்கத்து மண்ணுல கிடைச்ச ஒரு பாக்டீரியாவிலிருந்து வந்த மருந்து. பக்கத்துக் கடல் ஏட்ரியாட்டிக்ங்கிறதால ஏட்ரியாமைசின்னு இன்னொரு பெயரும் உண்டு. இது இதயத்தைப் பாதிக்கலாம். அதனாலதான் சிகிச்சைக்கு முன்னாடியே எக்கோ எடுத்தாங்க, வாழ்நாள்ல இவ்வளவுதான் கொடுக்கலாம்னு ஒரு மொத்த அளவும் வச்சிருக்காங்க. ஒருநாள், ரெண்டுநாள் சிறுநீர் சிவப்பா போகும், பயப்படாதீங்கன்னு நர்ஸ் மூணு தடவை சொன்னாங்க. அப்படியும் அன்னிக்கு ராத்திரி பாத்ரூமிலிருந்து ஒரு சத்தம்: "என்னங்கடி இது!"

சைக்ளோஃபாஸ்ஃபமைடுங்கிற மருந்துக்காக நிறைய தண்ணி குடிக்கணும், இல்லன்னா சிறுநீர்ப்பை புண்ணாகலாம். அம்மா ஒரு பெரிய பித்தளைச் சொம்பை அவர் பக்கத்துல வச்சுட்டு, காலியாகுற வரைக்கும் டிவி ரிமோட்டைக் கொடுக்கல.

நாலாவது மருந்தைப் பத்தி இன்னும் கொஞ்சம் சொல்லணும். வின்கிறிஸ்டின். இது எங்க அபார்ட்மென்ட் வாசல்ல பூத்துக்கிடக்கிற நித்தியகல்யாணியிலிருந்து வருது. ஆமா, சுடுகாட்டுப்பூன்னும் சொல்வாங்களே, அதேதான். பூர்வீகம் மடகாஸ்கர். 1950-கள்ல கனடாவுல ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர்னு ரெண்டு பேர் இந்தச் செடி சர்க்கரை நோயைக் குறைக்குமான்னு சோதிச்சாங்க. சர்க்கரை குறையல, எலிகளோட வெள்ளை அணுக்கள்தான் குறைஞ்சது. அதைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுல வின்பிளாஸ்டின் கிடைச்சது. கொஞ்ச வருஷத்துல இதே செடியிலிருந்து வின்கிறிஸ்டினும் வந்தது. நம்ம தமிழ்நாட்டுலயும் மருந்துக்காக ஏக்கர் கணக்குல பயிரிடுறாங்க.

இதைக் கேள்விப்பட்ட பெரியம்மா அடுத்த நாளே ஒரு பை நிறைய இலையோட வந்துட்டாங்க. "அதே செடின்னா ஊசி எதுக்குடி? அரைச்சுக் குடிச்சா போச்சு." பெரியம்மா மேல கோபப்பட முடியல, காலையில ஆறு மணி பஸ்ல வந்திருக்காங்க. ஆனா அந்த இலையில விஷத்தன்மை இருக்கு. நூத்துக்கணக்கான கிலோ காய்ஞ்ச இலையிலிருந்து துளி மருந்து பிரிச்செடுத்து, பெரியவங்களுக்கு ஒரு தடவைக்கு பெரும்பாலும் 2 மில்லிகிராமுக்கு மேல போகாம அளந்து கொடுக்குறாங்க. அரைச்ச சாறுல எத்தனை மில்லிகிராம் இருக்கும்னு யாருக்குத் தெரியும்? கடைசியில அப்பாதான் சமாளிச்சார்: "அண்ணி, அதான் நேத்தே நரம்புல ஏத்திட்டாங்களே. டபுள் டோஸ் ஆயிடும்."

அஞ்சாவது மருந்து ப்ரெட்னிசலோன், மாத்திரை, ஸ்டீராய்டு. முதல் அஞ்சு நாள் மட்டும். இந்த அஞ்சு நாளைப் பத்தி யாரும் எங்களை எச்சரிக்கல. ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும். சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணிக்கு சத்தம் கேட்டு எழுந்து பார்த்தா, அப்பா ஸ்டூல் போட்டு பரண்ல ஏறி, 1994-லிருந்து சேர்த்து வச்ச கரண்ட் பில்லை எல்லாம் வருஷவாரியா அடுக்கிட்டு இருக்கார். கீழே இறக்கினா, "ரவா உப்புமா கிண்டலாமா?"ங்கிறார். கிண்டினோம். ராத்திரி ரெண்டரைக்கு மூணு பேரும் சமையலறைத் தரையில உக்காந்து சுடச்சுட உப்புமா சாப்பிட்டோம். டயக்னசிஸுக்கு அப்புறம் அம்மா சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான். அடுத்த தடவையிலிருந்து மாத்திரையைக் காலையிலேயே, சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுக்கச் சொன்னாங்க, தூக்கம் கொஞ்சம் தேவலை. சர்க்கரை அளவும் ஏறும், அதனால அதையும் பார்த்துக்கணும்.

ஆறாவது நாள் மாத்திரை நின்னதும், பலூன்ல காத்து போன மாதிரி ஆயிட்டார். அவர் உயிரா நினைக்கிற ஃபில்டர் காப்பி, "தகரத்தை நக்குற மாதிரி இருக்கு"ன்னு ஒதுக்கிட்டார். கீமோவுல நாக்கு ருசி இப்படி மாறும், அப்புறம் திரும்பும். அதுவரைக்கும் எலுமிச்சை ரசம்தான் இறங்குச்சு.

இப்போ காய்ச்சல் விஷயம்.

கீமோ மருந்து வேகமா பெருகுற செல்களைத் தாக்கும். புற்றுநோய் செல் அப்படித்தான் பெருகும், ஆனா எலும்பு மஜ்ஜையில ரத்த அணுக்களை உருவாக்குற செல்களும் அப்படித்தான். அதனால மருந்து ஏத்தி ஒரு வாரத்திலிருந்து ரெண்டு வாரம் வரைக்கும் வெள்ளை அணுக்கள், குறிப்பா நியூட்ரோஃபில்கள், ரொம்பக் கீழே போயிடும். கிருமி உள்ள வந்தா சண்டை போட ஆளில்ல. சீழ் பிடிக்காம, சளி கட்டாம, வேற அறிகுறியே இல்லாமலும் போகலாம். பல நேரம் காய்ச்சல் ஒண்ணுதான் தகவல். அதனால டாக்டர் ஒரு எண்ணை எழுதிக் கொடுத்தார்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். அதைத் தொட்டா எந்த நேரமானாலும் நேரா ஆஸ்பத்திரி. வீட்டுல பாராசிட்டமால் போட்டுட்டு காலையில பார்க்கலாம்ங்கிற பேச்சே கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைக்கும், கிருமி உள்ள வேலையைப் பார்த்துட்டே இருக்கும். சில மணி நேரத்துல ரத்தத்துல பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்தத் தாளை நானேதான் ஃபிரிட்ஜ்ல ஒட்டினேன்.

பத்தாவது நாள், சனிக்கிழமை. மறுநாள் அக்கா நாலு வயசுப் பையனோட வர்றதா இருந்தது. தாத்தாவைப் பார்த்து ஒரு மாசம் ஆச்சு. சாயங்காலம் அப்பா ஃபேனை நிறுத்தச் சொன்னார். மே மாசம், சென்னை, ஃபேனை நிறுத்தணுமாம். "குளிருதாப்பா?"ன்னு கேட்டேன். "சும்மா, காத்து ஜாஸ்தி"ன்னார். ஒன்பது மணிக்குத் தண்ணி சொம்பை எடுக்கப் போனப்போ தலைகாணிக்கு அடியில ஒரு டோலோ அட்டை. ஒரு மாத்திரை குறைஞ்சிருந்தது. தெர்மாமீட்டரை வச்சேன். மாத்திரை போட்ட பிறகும் 100.8.

"ஏம்பா சொல்லல?"

"சொன்னா நாளைக்கு அவனை வர வேண்டாம்னுடுவீங்க."

எனக்குக் கத்தணும் போல இருந்தது. அம்மா, "காலையில பார்ப்போமே, அசதியா இருப்பார்"ன்னு ஆரம்பிச்சாங்க. அவங்க கையும் நடுங்குச்சு. நான் ஃபிரிட்ஜ்ல இருந்த தாளைக் கிழிச்சுக் கையில எடுத்துக்கிட்டு ஆட்டோ புக் பண்ணினேன். எமர்ஜென்சியில "கீமோ போட்டு பத்தாவது நாள், காய்ச்சல்"னு மட்டும் சொன்னேன். அதுக்கு மேல விளக்க வேண்டியிருக்கல. ரத்தம் எடுத்து, ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் ஏத்த ஆரம்பிச்சுட்டாங்க. நியூட்ரோஃபில் எண்ணிக்கை 300. ஐநூறுக்குக் கீழ போனாலே ஆபத்துன்னு கணக்கு. நாலு நாள் உள்ளே இருந்தார். காலையில ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "நல்ல வேளை, ராத்திரியே வந்தீங்க"ன்னு மட்டும் சொன்னார். அப்பா சுவத்தைப் பார்த்துட்டு இருந்தார்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாள் காலையில, அம்மா தனக்குப் போட்ட காப்பியில ஒரு வாய் குடிச்சுப் பார்த்தார். கொஞ்சம் யோசிச்சார். "இது காப்பி"ன்னார். அம்மா முழு டம்ளரையும் அவர்கிட்டயே விட்டுட்டாங்க.

பதினெட்டாவது நாள் மீசை போச்சு. தலையில ஏற்கனவே பெருசா எதுவும் கிடையாது, அதனால முடி விழுறதைப் பத்தி வீட்டுல யாரும் கவலைப்படல. மீசையை மறந்துட்டோம். கல்யாண ஃபோட்டோவிலிருந்து பென்ஷன் அட்டை வரைக்கும் மீசையில்லாத அப்பா கிடையாது. முகம் கழுவின துண்டுல பாதி வந்துடுச்சு. மீதியை அவரே மழிச்சுட்டு வெளியே வந்து நின்னார். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "உங்க தங்கச்சி மாதிரியே இருக்கீங்க"ன்னாங்க.

அக்கா பையன் வீடியோ கால்ல முறைச்சு முறைச்சுப் பார்த்தான். "தாத்தா, மீசை எங்க?"

"ஆஸ்பத்திரியில அடகு வச்சிருக்கேன்டா. ஆறு மாசத்துல மீட்டுடுவேன்."

ரெண்டாவது சுற்றுக்கு, மருந்து ஏத்தின மறுநாள் வெள்ளை அணுக்களை வளரவைக்கிற ஒரு ஊசியும் போட்டாங்க. அதுல எலும்பெல்லாம் வலிக்கும், முக்கியமா இடுப்புல. ஆனா இந்த முறை பத்தாவது நாள் காய்ச்சல் இல்லாம போச்சு. தெர்மாமீட்டர் இப்போ அப்பா சட்டைப்பையில இருக்கு. காலையிலயும் ராத்திரியும் அவரே பார்த்து, காலண்டர் கட்டத்துல தன் கையால எழுதுறார். அந்த ஏற்பாடு அவர் சொன்னதுதான், நான் கேக்கல.

உங்க வீட்டுலயும் யாராவது ஆரம்பிக்கப் போறாங்கன்னா ரெண்டே விஷயம். சொந்தக்காரங்களை வர வேண்டாம்னு சொல்றது எங்களுக்குக் கஷ்டமாத்தான் இருந்தது, ஒரு சித்தப்பா இன்னும் பேசல. ஆனா எண்ணிக்கை குறையுற அந்த ஏழெட்டு நாளை மட்டும் தேதி போட்டு முன்னாடியே சொல்லிட்டா, மத்த நாள்ல தாராளமா கூப்பிடலாம். வெளியூரிலிருந்து ரயில்ல வர்றவங்க, நோயாளிக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் கட்டணச் சலுகை இருக்கு, டாக்டர்கிட்ட அதுக்கான படிவத்தை வாங்கிக்கங்க.

இன்னிக்கு பதினேழாவது நாள். ரத்தப் பரிசோதனை நல்லா வந்திருக்கு, பையனுக்குச் சளி இல்லன்னு அக்கா ரெண்டு தடவை உறுதி சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில வர்றான். அவன் வந்தா பஜ்ஜி போடணும்னு அப்பா வாழைக்காய் வாங்கி வரச் சொன்னார். அம்மா தெர்மாமீட்டருக்கு பேட்டரி வாங்கி வரச் சொன்னாங்க. மைக்கை ஆஃப் பண்ணிட்டுக் கடைக்குக் கிளம்பணும்.