குடலைக் காக்கும் சத்திரசிகிச்சை

மனிதனின் சிறுகுடல் ஏறத்தாழ 6 மீற்றர் நீளமுடையது. உண்ட உணவின் சத்துக்கள் பெரும்பாலும் ஈண்டே உறிஞ்சப்படுகின்றன. விற்றமின் பி12, பித்தவுப்புக்கள் ஆகியவற்றை உறிஞ்சுவது அதன் கடைப்பகுதியாகும். ஆதலின், அதனைப் பெரிதும் இழந்தவர் உண்டும் ஊட்டம் பெறார்.

இக்குடலைத் தாக்கும் நாட்பட்ட அழற்சி நோய்களுள் குரோன் நோய் ஒன்று. நியூயோர்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பேர்க், ஒப்பன்ஹைமர் என்னும் மூவர் 1932 ஆம் ஆண்டில் இதனை விரித்துரைத்தனர். சிறுகுடலின் கடைப்பகுதியே பெரிதும் தாக்கப்படும். அழற்சி குடற்சுவரின் எல்லாப் படைகளையும் ஊடுருவும். புண் ஆறுந்தோறும் தழும்பு தடித்துக் குடல்வழி ஒடுங்கும். உணவு தேங்க, வயிற்றுளைவும் வீக்கமும் வாந்தியும் உண்டாகும். முற்றிய தழும்பு மருந்தினாற் கரைவது அரிது.

முன்னாளில், நோயுற்ற பகுதியை இருமருங்கும் உள்ள நல்ல குடலோடு சேர்த்து வெட்டியகற்றுதலே முறையாயிருந்தது. வேரோடு களைந்தால் நோய் மீளாதென எண்ணினர். நோயோ மீண்டது, மீளுந்தோறும் வெட்ட, எஞ்சிய குடல் போதாதாயிற்று. 1996 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நல்ல குடலில் 2 சென்ரிமீற்றர் வெட்டினும் 12 சென்ரிமீற்றர் வெட்டினும் நோய் மீளும் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லையெனக் காட்டிற்று.

வெட்டாது விரிக்கும் வழி யாது? இரைப்பையின் கீழ்வாயில் ஒடுக்கத்திற்கு ஹைனெக்கே 1886 இலும், மிக்குலிச் 1887 இலும் கையாண்ட முறை அதற்கு வழிகாட்டிற்று. கசநோயால் ஒடுங்கிய குடலில் அதனை இந்தியாவிற் கையாண்ட கடாரியா முதலியோர் தம் அநுபவத்தை 1977 இல் வெளியிட்டனர். ஒக்ஸ்போட் நகரத்து இமானுவேல் லீ குரோன் நோயில் அதனைக் கையாண்டு, 1982 இல் எழுதினார்.

முறை எளிது. ஒடுங்கிய இடத்தை நீளவாக்கிற் பிளப்பர். பிளவின் இரு நுனிகளையும் ஒன்றோடொன்று சேர இழுத்தால், நடுவிளிம்புகள் இருபுறமும் விலகும். அந்நிலையிற் குறுக்குவாக்கிற் தைப்பர். நீளம் சிறிது குறைந்து அகலம் பெருகும். குடலில் எதுவும் வெட்டியெறியப்படுவதில்லை. ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் வரையுள்ள ஒடுக்கங்களுக்கு இது பொருந்தும். நீண்டவற்றிற்கு வேறு முறைகள் உள; மிக்கெலாசி 1996 இல் வெளியிட்ட, குடலைப் பக்கத்தோடு பக்கமாக இணைக்கும் முறை அவற்றுள் ஒன்று.

நோயுற்ற குடலைத் தைத்தால் தையல் பிரியாதோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. அநுபவம் அவ்வச்சத்தைப் பெரிதும் நீக்கியது. பெரும்பாலும் தைத்தவிடத்து அழற்சி தணிகின்றது. நோய் மீளுமாயின் வேறிடத்திலேயே மிகுதியும் தோன்றுகின்றது. எனினும் குடல் துளைபட்டுச் சீழ்கட்டியிருப்பினும், புற்றுநோய் ஐயுறப்படினும் இம்முறை ஆகாது. ஆண்டு வெட்டியகற்றலே தக்கது.

இச்சிகிச்சை நோயை வேரறுப்பதன்று. மருந்தும், புகைத்தலை ஒழித்தலும் பின்னரும் வேண்டும். மீளும் இயல்புடைய நோயில், இன்று காத்த ஒவ்வொரு சாண் குடலும் நாளைக்கு வேண்டிய முதலாகும் என்பதே இம்முறையின் அடிப்படை.