வெள்ளத்தைத் தலைமடையில் நிறுத்தணும்: விற்பனைத் தளத்துக்கு சர்வர் பார்ப்பது எப்படி?

மண்ணும் விதையும் பேசுகிற இந்தப் பக்கங்களில் சர்வர் பற்றி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

மரக்காணம் பக்கம் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து இயற்கை விளைபொருளை இணையதளத்தில் நேரடியாக விற்கிறோம். கிச்சிலிச் சம்பா அரிசி, மல்லாட்டை எண்ணெய், பனை வெல்லம். சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அங்கிருந்தே பணம் கட்டுவார்கள். சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கும் அவர்களின் அப்பா அம்மாவுக்கு நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்போம்.

ஒரு வருஷம் பொங்கலுக்கு முந்தின வாரம் தளம் இரண்டு நாள் திறக்கவே இல்லை. பொங்கல் தாண்டினால் மஞ்சள் கொத்தை யார் வாங்குவார்? வெட்டி வைத்ததெல்லாம் திண்ணையிலேயே வாடிப்போச்சு. சர்வர் கொடுத்தவர்களுக்குப் போன் போட்டேன். "உங்க முகவரிக்குத் தாக்குதல் வந்துச்சு சார். மத்த வாடிக்கையாளரைக் காப்பாத்த உங்க முகவரியை மூடிட்டோம்" என்றார்கள். ஒப்பந்தத்தைத் தேடிப் பார்த்தேன். அந்த விதி அதிலேயே இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல கடன் பத்திரம் படிச்சவன், இதைப் படிக்காமல் விட்டுட்டேன்.

மெய்நிகர் சர்வர் என்றால் என்ன?

வாரச் சந்தையில் தரையில் சாக்கு விரித்து விற்பது மாதிரி பகிர்வு ஹோஸ்டிங். பக்கத்துக் கடையில் கூட்டம் நெரித்தால் நம் கடையும் மறைந்துபோகும். தனிக் கட்டடம் கட்டுவது மாதிரி முழு சர்வர். வாடகை நமக்குக் கட்டாது. இரண்டுக்கும் நடுவில், உழவர் சந்தையில் தடுப்பு போட்ட கடை மாதிரி இருப்பதுதான் மெய்நிகர் சர்வர், அதாவது வி.பி.எஸ். ஒரே இயந்திரத்தைப் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நினைவகம், இவ்வளவு இடம் என்று ஒதுக்கிவிடுவார்கள். எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு 2 ஜி.பி. நினைவகமே போதும்.

தாக்குதல் எப்படி நடக்கிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்கள் மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம். வாய்க்காலே நிரம்பி வழியும்போது, நம் பாத்தியின் மடையை அடைத்து என்ன பயன்? டிடாஸ் தாக்குதலும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் ஒரு முகவரிக்கு வெற்றுத் தகவலை அனுப்பும். சர்வருக்கு வரும் பாதையே அடைபட்டுவிடும். சர்வருக்குள் எத்தனை பூட்டு போட்டாலும் அசல் வாடிக்கையாளர் வாசலுக்கே வர முடியாது. வெள்ளத்தைத் தலைமடையில், அதாவது நிறுவனத்தின் வலைப்பின்னலிலேயே வடிகட்ட வேண்டும்.

"நம்ம மேல யாருக்கு என்ன பகை?" என்று கேட்கலாம். பகையே வேண்டாம். அதே இயந்திரத்தில் இருக்கும் இன்னொருவர் மேல் வருகிற வெள்ளம் நம்மையும் மூழ்கடிக்கும். 2016 அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனம் தாக்கப்பட்டபோது, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களே பலருக்குத் திறக்கவில்லை. தாக்கியவற்றில் கண்காணிப்பு கேமராக்கள் ஏராளம். வாங்கும்போது இருந்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்கள் அவை. உங்கள் மோட்டார் கொட்டகையில் கேமரா இருந்தால் இன்றைக்கே கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

தூரமும் பாதையும்

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய்வர 32 மில்லி விநாடி. சர்வர் அமெரிக்காவில் இருந்தால் நமக்கு 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். ஒரு பக்கம் திறக்கப் பலமுறை போய்வர வேண்டியிருப்பதால் அது விநாடிக் கணக்கில் தாமதமாகும். பணம் கட்ட வந்தவர் பொறுமை இழப்பார்.

தூரம் மட்டும் பார்த்தால் போதாது. மலிவான இணைப்பு வாங்கும் நிறுவனத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் தகவல் ஐரோப்பா சுற்றியும் வரலாம். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போக விழுப்புரம் சுற்றுகிற மாதிரி! நிறுவனத்திடம் சோதனை முகவரி கேளுங்கள். நீங்கள் ஊரிலிருந்தும், உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வெளிநாட்டிலிருந்தும் இரவு 8 மணி முதல் 10 மணிக்குள் 'பிங்' போட்டுப் பாருங்கள். நெரிசல் நேரத்தில் வருகிற எண்தான் உண்மையான எண்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை

1. தாக்குதல் வந்தால் வடிகட்டுவீர்களா, முகவரியை மூடுவீர்களா? எத்தனை ஜிகாபிட் வரை? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

2. முதல் வருஷ விலை என்ன, புதுப்பிக்கும் விலை என்ன? ஆரம்பச் சலுகை வட்டி காட்டிக் கடன் கொடுக்கும் தந்திரம் இங்கேயும் உண்டு. 18% ஜி.எஸ்.டி. சேர்த்துப் பாருங்கள். டாலர் விலை என்றால் அட்டையின் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் கூட்டுங்கள்.

3. பேக்கப் எங்கே இருக்கும்? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.எச். நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்தது. வேறிடத்தில் நகல் வைக்காத பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். விதையை ஒரே குதிரில் வைப்போமா? வாரம் ஒரு நகல் நம் வீட்டுக் கணினிக்கு வர வேண்டும்.

4. அடையாளச் சான்று கேட்கிறார்களா? 2022 ஏப்ரல் 28 செர்ட்-இன் உத்தரவுப்படி மெய்நிகர் சர்வர் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். கேட்டால் பயப்பட வேண்டாம். கேட்காத இடத்தில்தான் யோசிக்கணும்.

எங்கள் குழு இப்போது இந்தியாவிலேயே உள்ள, தாக்குதல் வடிகட்டல் சேர்ந்த ஒரு சிறிய சர்வருக்கு மாறிவிட்டது. அதன் முன்னால் கிளவுட்ஃபிளேரின் இலவசத் திட்டத்தையும் வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே வர முடியும். சர்வரின் முகவரி வெளியே தெரியாது. இதில் ஒன்றைக் கவனிக்கணும்: பழைய முகவரி ஏற்கெனவே வெளியே தெரிந்திருக்கும் என்பதால், புது ஐ.பி. முகவரி வாங்கிய பிறகே இந்த மறைப்பைப் போட வேண்டும்.

மாதச் செலவு பழையதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். அன்றைக்கு வாடிப்போன மஞ்சள் கொத்தின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.