கணிப்பொறி படிக்க எந்தக் கல்லூரி?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததுதான் தாமதம், நாட்றம்பள்ளிக் கடைத்தெருவிலே ஒரு புதுக் கூட்டம் புகுந்துவிடுகிறது. கையிலே வண்ணத் துண்டறிக்கை. வாயிலே தேன் தடவிய பேச்சு. "உங்கள் பையனுக்குக் கணிப்பொறியா? இடம் இருக்கிறது. இன்றே முன்பணம் கட்டினால் உண்டு, நாளை இல்லை" என்று வீடு வீடாக நடக்கிறார்கள் தரகர்கள். மாட்டுச் சந்தையிலே துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அதிலேகூட ஒரு நாணயம் உண்டு!

ஆம்பூர் ஷூ கம்பெனியிலே தையல் எந்திரத்தின்மேல் குனிந்து குனிந்து முதுகு வளைந்த தாய், வாணியம்பாடி டேனரியிலே சுண்ணாம்புத் தொட்டியிலே கை வெந்த தந்தை, இவர்கள் வட்டிக்கு வாங்கும் பணமல்லவா அந்த முன்பணம்? அதனால்தான் இதை எழுதுகிறோம்.

டேனரிக்காரன் மகனுக்குக் கணிப்பொறி எதற்கு என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய பாட்டன்மார் பேசிய பேச்சுதான் இது! 1950இலே இருவர் நீதிமன்றம் போனார்கள். ஒருவருக்கு மருத்துவக் கல்லூரி, மற்றவருக்குப் பொறியியல் கல்லூரி. வகுப்புவாரி உரிமை செல்லாது என்று 1951இலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியார் கிளர்ந்தார், நாடு கிளர்ந்தது, அதே ஆண்டிலே அரசமைப்புச் சட்டமே முதன்முறையாகத் திருத்தப்பட்டது. அடுத்து ஆச்சாரியார் வந்தார். 1953இலே, பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்றார். 1954இலே அந்தக் குலக்கல்வித் திட்டம் குழிக்குள் போயிற்று. போகாமல் இருந்திருந்தால், கணிப்பொறிக்கு எந்தக் கல்லூரி என்ற கேள்வி நம் தெருவிலே இன்று பிறந்திருக்குமா?

பிறந்துவிட்டது. பதில் சொல்லுவோம்.

முதலில் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200க்கு என்ன மதிப்பெண் என்பதே அங்கே பேச்சு. யார் மகன் என்பதல்ல! நுழைவுத் தேர்வு என்ற முள்வேலியைக் கலைஞர் ஆட்சி பிடுங்கி எறிந்தது. 2007 முதல் அது இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலே படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு 2021இலே வந்தது. அதிலே இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. வீட்டிலே முதல் பட்டதாரியா? 2010 முதல் அதற்கும் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் கவனியுங்கள் தோழர்களே, இந்த உரிமைகள் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தவர்களுக்குத்தான். தரகன் கையிலே முன்பணம் கொடுத்து நிர்வாக ஒதுக்கீட்டிலே நுழைந்தால் அத்தனையும் போச்சு. துண்டறிக்கையிலே இதை எந்தத் தரகனாவது அச்சடித்ததுண்டா?

இனி ஊர். பெங்களூர்ச் சாலையிலே பேருந்து ஏறினால் பர்கூர். அங்கே 1994இலே தொடங்கிய அரசினர் பொறியியல் கல்லூரி. வேலூர் பாகாயத்திலே தந்தை பெரியார் பெயரிலேயே ஓர் அரசுக் கல்லூரி. மதிப்பெண் மலைபோல் இருந்தால் கிண்டி, குரோம்பேட்டை. அதற்குக் கீழே, கண்ணாடிக் கட்டடம் காட்டுகிற பெயர் தெரியாத தனியார் கல்லூரியைவிட, காரை பெயர்ந்த அரசுக் கல்லூரியே மேல் என்பது நம் கட்சி. தனியார் கல்லூரிதான் கிடைக்கிறது என்றால், அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரித் தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். நீச்சல் குளத்தைப் பார்க்காதீர்கள்.

வேலூரிலே வி.ஐ.டி. இருக்கிறதே என்பீர்கள். 1984இலே தொடங்கிப் பெரும்பெயர் பெற்றது, மறுக்கவில்லை. ஆனால் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தனித் தேர்வு, தனிக் கட்டணம். கலந்தாய்வின் சலுகை எதுவும் அங்கே செல்லாது. ஊர்ப்புற அரசுப் பள்ளியிலே மாவட்ட அளவில் முதலிடம் பெறும் பிள்ளைகளுக்கு இலவசமாக இடம் தரும் திட்டம் ஒன்று அங்கே உண்டு. அப்படிப்பட்ட பிள்ளை உங்கள் வீட்டிலே இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். மற்றவர்கள் கந்துவட்டிக்காரனை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்!

பாடத்தின் பெயரிலே மயங்கவும் வேண்டாம். செயற்கை நுண்ணறிவு, தரவு அறிவியல், இணையப் பாதுகாப்பு என்று ஒரே கல்லூரி ஐந்து பலகை மாட்டுகிறது. அடியிலே ஓடும் நீர் ஒன்றுதான். கணக்கும் நிரல் எழுதும் பழக்கமும் இல்லாதவனுக்கு எந்தப் பலகையும் சோறு போடாது.

பொறியியல் கிட்டவில்லையா? குடி முழுகிவிடாது. மூன்றாண்டு பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல் இருக்கிறது. அதற்குமேல் இரண்டாண்டு எம்.சி.ஏ. இருக்கிறது. 1919இலே பிறந்த வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியும், 1951இலே பிறந்த திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியும் வீட்டிலிருந்தே போய்வரும் தூரந்தான்.

விருப்பப் பட்டியல் நிரப்பும்போது ஒன்று. மேலே எழுதிய கல்லூரியிலிருந்துதான் கணினி பார்த்துக்கொண்டு வரும். "நமக்கெங்கே கிடைக்கும்" என்று அஞ்சி, ஆசைப்பட்ட கல்லூரியைக் கீழே தள்ளாதீர்கள். மேலே போட்டுக் கிடைக்காவிட்டால் அடுத்தது வரும், இழப்பு ஒன்றுமில்லை. கீழே போட்டால், கிடைத்திருக்க வேண்டியதும் கைநழுவும்.

சாதிச் சான்றும் முதல் பட்டதாரிச் சான்றும் வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து வர நாளாகும். இ-சேவை மையத்திலே இந்த வாரமே மனுப் போடுங்கள். கிளைக் கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை: படிப்பகத்திலே மாலைதோறும் ஒரு மேசை போடுங்கள். கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் உட்காரட்டும். ஷூ கம்பெனி வண்டியிலிருந்து இறங்கும் தாய்மார்கள், வீட்டுக்குப் போகும் வழியிலே பிள்ளையின் மதிப்பெண் பட்டியலோடு வந்து கேட்டுவிட்டுப் போகட்டும்.