மண்ணில் செல்வம், மக்களிடம் வறுமை: காங்கோவுக்கு நேர்ந்தது என்ன?



ஆப்பிரிக்க நாடுகளின் வறுமையைப் பற்றி நமது கருத்தரங்கில் பேசிக் கொண்டிருந்தபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "சுதந்திரம் கிடைத்து அறுபது வருசத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்னும் வெள்ளைக்காரனையே குறை சொல்லிக் கொண்டிருந்தால் எப்படி?" என்று கேட்டார். அரங்கில் பலர் தலையாட்டினார்கள். நியாயமான கேள்விதான். ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு அதற்கு விடை தேடிப் பார்ப்போம். அந்த நாடு காங்கோ ஜனநாயகக் குடியரசு.

செம்பு, கோபால்ட், கோல்டான், தங்கம், வைரம் என்று அந்த மண்ணில் இல்லாத கனிமத்தைத் தேடத்தான் வேண்டும். உலகில் வெட்டி எடுக்கப்படும் கோபால்ட்டில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு அங்கிருந்து வருகிறது. கைத்தொலைபேசிக்கும் மின்சாரக் காருக்கும் மின்கலம் செய்ய அது தேவைப்படுகிறது. ஆனால், உலக வங்கியின் 2024-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அந்நாட்டு மக்களில் பத்தில் ஏழு பேருக்கும் அதிகமானோர் ஒரு நாளைக்கு 2.15 அமெரிக்க டாலருக்கும் குறைவான தொகையில் காலம் தள்ளுகிறார்கள். இது எப்படி நேர்ந்தது?

ஒரு மன்னரின் சொந்தச் சொத்து

1884 நவம்பரில் ஐரோப்பிய வல்லரசுகள் பெர்லின் நகரில் மாநாடு கூட்டின. ஆப்பிரிக்காவில் யார் எந்த முறையில் நிலம் பிடிக்கலாம் என்று பேசி முடிவு செய்தார்கள். அந்த மேசையில் ஓர் ஆப்பிரிக்கருக்குக்கூட இடம் தரப்படவில்லை. 1885-இல் காங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் கைக்குப் போனது. பெல்ஜிய நாட்டுக்கு அல்ல, அந்த ஒரு மனிதருக்கு. பெல்ஜியத்தைப் போல் 76 மடங்கு பெரிய நிலப்பரப்பு அவருடைய சொந்தச் சொத்தாகியது. அடிமை வணிகத்தை ஒழிக்கப் போகிறேன், நாகரிகம் கற்பிக்கப் போகிறேன் என்று அவர் உலகத்துக்குச் சொன்னார். கடைசி வரை ஒரு முறைகூட அவர் அந்த மண்ணை மிதிக்கவில்லை.

1888-இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். சைக்கிளும் காரும் பெருகப் பெருக ரப்பரின் விலை ஏறியது. ரப்பர் என்றால் நமக்கு வரிசையாக நட்ட பால்மரம்தான் நினைவுக்கு வரும். காங்கோவில் கிடைத்ததோ அடர்ந்த காட்டில் மரங்களின் மேல் படர்ந்த காட்டுக்கொடியின் பால். அதே காலத்தில் மலாயாவிலும் இலங்கையிலும் பால்மரத் தோட்டங்கள் உருவாகிக் கொண்டிருந்தன. கன்று மரமாகிப் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் ஆகும். அந்த ரப்பர் சந்தைக்கு வந்துவிட்டால் விலை இறங்கும். அதற்குள் காட்டு ரப்பரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் லியோபோல்டுக்கு இருந்தது.

அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள் காங்கோ மக்கள். ஒவ்வொரு கிராமமும் இத்தனை ரப்பர் தர வேண்டும் என்று அளவு விதிக்கப்பட்டது. ஆண்கள் காட்டிலிருந்து ரப்பரோடு திரும்பும் வரை அவர்களின் மனைவிமார் பிணையாக அடைத்து வைக்கப்பட்டார்கள். சுட்ட குண்டுக்குக் கணக்காகச் சிப்பாய்கள் வெட்டிய கைகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது. குண்டை வேட்டைக்குச் செலவழித்துவிட்டு, உயிரோடு இருப்பவர்களின் கையை வெட்டியவர்களும் உண்டு. 1904-இல் ஆலிஸ் ஹாரிஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரிமார் குழுப் பெண்மணி எடுத்த படம் ஒன்று இருக்கிறது. நசாலா என்ற தகப்பன் தரையில் உட்கார்ந்து, வெட்டப்பட்ட தன் மகளின் கையையும் காலையும் பார்த்துக் கொண்டிருக்கிறார். அந்தக் குழந்தைக்கு வயது ஐந்து.

இதை வெளிக்கொண்டு வந்தவர்களில் ஒருவர் மோரல் என்ற கப்பல் நிறுவன எழுத்தர். காங்கோவிலிருந்து வரும் கப்பல்களில் ரப்பரும் தந்தமும் நிறைந்திருந்தன. திரும்பிப் போகும் கப்பல்களில் பெரும்பாலும் துப்பாக்கியும் தோட்டாவுமே இருந்தன. அப்படியென்றால் அங்கே நடப்பது வியாபாரமே அல்ல என்று அவர் புரிந்துகொண்டார். எதிர்ப்பு வலுத்ததால் 1908-இல் பெல்ஜிய அரசு காங்கோவை மன்னரிடமிருந்து எடுத்துக்கொண்டது. மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. மக்கள்தொகை ஒரு கோடி வரை குறைந்திருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

சுரங்கமும் துறைமுகமும்

பெல்ஜிய அரசு வந்த பிறகு கை வெட்டும் கொடுமை ஓய்ந்தது. ஆனால் நாட்டின் அமைப்பு மாறவில்லை. சுரங்கத்தில் எடுத்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டு சேர்ப்பதற்கே ரயில் பாதைகள் போடப்பட்டன. ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைப்பது முக்கியமாகப் படவில்லை. 1945-இல் ஹிரோஷிமாவில் விழுந்த அணுகுண்டுக்கான யுரேனியத்தின் பெரும்பகுதி, காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனதுதான்.

கல்வியைப் பாருங்கள். தொடக்கப்பள்ளிகள் நிறைய இருந்தன. வேலைக்காரனுக்கு எழுத்தும் எண்ணும் தெரிந்தால் போதும் என்பது கணக்கு. 1960 ஜூன் 30-இல் காங்கோ விடுதலை பெற்றபோது, ஒன்றரைக் கோடி மக்கள் கொண்ட அந்நாட்டில் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோக்காரர்கள் முப்பது பேர்கூட இல்லை. இராணுவத்தில் ஒரு காங்கோ அதிகாரிகூட இல்லை. ஓட்டக் கற்றுக்கொடுக்காமல் வண்டியின் சாவியை மட்டும் கையில் கொடுத்தது போல் ஆயிற்று.

ஐந்தே நாளில் இராணுவம் கலகம் செய்தது. ஜூலை 11-இல் செம்பு விளையும் கட்டாங்கா மாநிலம், பெல்ஜியத்தின் ஆதரவோடு தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. நாட்டின் செல்வம் நாட்டு மக்களுக்கே என்று பேசிய முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா, 1961 ஜனவரி 17-இல் அதே கட்டாங்காவில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதில் தனக்குத் தார்மீகப் பொறுப்பு உண்டு என்று பெல்ஜியம் 2002-இல்தான் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அந்தக் குழப்பத்தை அடக்கப் போன ஐ.நா. அமைதிப்படையில் நமது மலாயா வீரர்களும் இருந்தார்கள் என்பதை மூத்த வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள்.

பெரியவரின் கேள்விக்கு வருவோம்

1965 முதல் 1997 வரை ஆண்ட மொபுட்டு வெள்ளைக்காரர் அல்லர். நாட்டுப் பணத்தைச் சுருட்டியவர். கான்கார்டு விமானம் இறங்கும் அளவுக்குப் பெரிய ஓடுபாதையைத் தம் பூர்வீக ஊரான பாடோலிட்டேயில் அமைத்தவர். அந்தக் குற்றத்தைப் பெல்ஜியத்தின் தலையில் கட்ட முடியாது. பெரியவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

மறுபாதியையும் பார்க்க வேண்டும். பனிப்போர் காலத்தில் அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் அவரைத் தாங்கிப் பிடித்தன. அவர் ஆண்ட முறையும் புதிதல்ல. நாட்டையே தனிச் சொத்தாக நடத்துவது லியோபோல்டு போட்ட வழி. அரசாங்கத்துக்கு வருமானம் மக்களின் வரியிலிருந்து வந்தால், ஆள்பவர் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சுரங்கத்திலிருந்தே வருமானம் வந்தால், சுரங்கம் கையில் இருந்தால் போதும், மக்கள் தேவையில்லை. காங்கோவில் காலனி ஆட்சி விட்டுச் சென்ற மிகப் பெரிய தீங்கு இதுதான்.

சுரங்கத்துக்கான சண்டை அதனால்தான் ஓயவில்லை. 1998 முதல் 2003 வரை நடந்த போரில் அண்டை நாட்டுப் படைகள் பல புகுந்தன. போரிலும் அதைத் தொடர்ந்த பசியிலும் நோயிலும் பல லட்சம் பேர் மாண்டார்கள். 2024-இல் எம்23 கிளர்ச்சிப் படை ருபாயா கோல்டான் சுரங்கப் பகுதியைப் பிடித்தது. 2025 ஜனவரியில் கோமா நகரத்தையும் கைப்பற்றியது.

நம்பிக்கை இல்லாமல் இல்லை. 2018-இல் காங்கோ தனது சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, நிறுவனங்கள் கட்ட வேண்டிய உரிமைத்தொகையை உயர்த்தியது. 2025 பிப்ரவரியில் கோபால்ட் ஏற்றுமதியை நிறுத்தி வைத்து, அக்டோபரில் ஒதுக்கீட்டு முறையைக் கொண்டு வந்தது. தன் பொருளுக்குத் தானே விலை சொல்ல ஒரு நாடு எடுக்கும் முயற்சி அது. அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போய்ச் சேருகிறதா என்பதை இனி காங்கோ மக்கள்தான் கேட்க வேண்டும்.

பெல்ஜிய மன்னர் பிலிப் 2020-இலும் 2022-இலும் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் தவிர்த்தார். மன்னிப்புக் கேட்டால் இழப்பீடு கேட்பார்களோ என்ற தயக்கம் அங்கே பலருக்கு உண்டு.

ஆகவே ஐயா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். குறை சொல்லிக் கொண்டே உட்கார்ந்திருப்பது தவறு. ஆனால் வீட்டில் எது களவு போனது என்று தெரியாமல் எந்தக் கதவைப் பழுது பார்ப்பது? காங்கோவில் ரப்பரும் செம்பும் மட்டும் போகவில்லை. தன்னைத் தானே ஆளக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பும் போனது. அதைத் திரும்பக் கட்டி எழுப்ப அறுபது ஆண்டு போதவில்லை.